சித்திரையில் ஒரு நாள்

(பங்குனி மாதத்தில் கூடலூரில் நடந்த மகளிர் கூட்டம் ஒன்றில் கதிரியக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஏலக்காய் எடுப்பு ஓய்ந்த மாதமாகப் பார்த்து இந்தக் கூட்டத்தை வைத்தவர்களுக்கு முதல் நன்றி. எங்கள் தொழிலில் இந்த யோசனை பலருக்கு வருவதில்லை. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு உலகம் முழுக்க ஒதுக்கியிருக்கும் மாதம் அக்டோபர். 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம் அது. அக்டோபர் பிறந்தால் பெரிய நகரங்களில் கட்டடங்களுக்கு ரோஸ் நிற விளக்குப் போடுவார்கள், ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள், முகாம் போடுவார்கள். நம் பள்ளத்தாக்குக்கு அக்டோபர் என்றால் புரட்டாசி, ஐப்பசி. மலை மேலே எடுப்பு மும்முரமாக இருக்கும் காலம். விடிவதற்குள் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, குமுளி தாண்டிப் போய், பொழுது சாய்ந்து இறங்குகிற பெண்ணிடம் "முகாம் இருக்குக்கா, காலையில பத்து மணிக்கு வந்துருங்க" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? சிரித்துவிட்டுப் போவாள். முகாமுக்கு வருவது வீட்டில் இருப்பவர்களும், போன வருஷமும் வந்தவர்களும்தான். யாரை நினைத்து முகாம் போட்டோமோ, அவள் அந்நேரம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பேசுகிறேன். இயந்திரம் நல்ல இயந்திரம்தான். ஆனால் இந்தக் காலண்டர் விவகாரம் சரியாகாமல் எவ்வளவு நல்ல இயந்திரம் வந்தும் கூடலூருக்குப் பயன் இல்லை என்பது என் கட்சி. அதனால்தான் அதை முதலில் போட்டு உடைத்தேன்.

எங்கள் அறைக்கு வருகிற பெண்கள் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "வலிக்கலையே டாக்டர், எதுக்குப் பாக்கணும்?" இந்த ஊரில் வலி என்பது ஒரு சான்றிதழ். முதுகு வலித்தால் தைலம், வலி கூடினால் கம்பத்துக்கு பஸ், நிமிர முடியாமல் போனால் தேனி. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விடுவது பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறோம். மார்பில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலித்து, தோல் சுருங்கி, காம்பு உள்ளே இழுத்து, ரத்தக்கசிவு வந்து, அக்குளில் நெறி கட்டிய பிறகு வருகிறவர்களை நாங்களும் பார்க்கத்தான் செய்கிறோம். அது வைத்தியம். நான் இன்று பேசுவது அதைப் பற்றி இல்லை. ஒன்றுமே இல்லாதபோது, உடம்பு கல்லாட்டம் இருக்கும்போது, போய்ப் பார்த்துவிட்டு வருவதைப் பற்றி. அதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர்.

கணக்கு கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை போட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். புதிதாக இரண்டு பேருக்கு வருகிறபோது ஒருவர் சாகிறார். அமெரிக்காவில் நம்மைவிட அதிகம் பேருக்கு வருகிறது. ஆனால் அங்கே ஆறு பேருக்கு வந்தால் ஒருவர் இறக்கிறார். நோய் ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் சீக்கிரம் வருகிறார்கள், வந்தவர்கள் சிகிச்சையை முடிக்கிறார்கள். நம்மிடம் பாதிக்கு மேல் முற்றிய நிலையில் வருகிறார்கள். 2019–21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களிடம், மார்பகப் புற்றுநோய்க்காக வாழ்நாளில் ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டார்கள். இந்திய அளவில் ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு முன்னணி மாநிலம் என்று பெருமைப்பட்டோம். முன்னணியில் இருந்த நமக்கே நூற்றுக்கு ஆறு பேர் தேறவில்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். பல பேர் அதைப் பெரிய குகைக்குள் படுக்க வைப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது எம்.ஆர்.ஐ. இது நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே. ஆள் உயரத்துக்கு ஒரு தூண், அதில் மேலும் கீழும் நகரும் ஒரு தட்டு. டெக்னீஷியன் பெண்ணாகத்தான் இருப்பார். இல்லை என்றால் பெண் வேண்டும் என்று கேளுங்கள், கேட்கலாம். மேல் சட்டையைக் கழற்றிவிட்டு நீங்கள் தட்டருகே நிற்க வேண்டும். அவர் மார்பை எடுத்துத் தட்டின் மேல் வைப்பார். மேலிருந்து கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக் பலகை இறங்கி வந்து அமுக்கும். அமுக்கும்போது வலிக்கும். வலிக்காது என்று சொல்கிற டாக்டரை நம்பாதீர்கள். சில விநாடிகள்தான். "மூச்சைப் பிடிங்க" என்பார், ஒரு சின்னச் சத்தம், பலகை தானாக மேலே போய்விடும். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒன்று, சாய்வாக அக்குள் வரை தெரிகிற மாதிரி ஒன்று. மொத்தம் நான்கு படம். உள்ளே போய் வெளியே வர இருபது நிமிஷம்.

ஏன் அப்படி அமுக்க வேண்டும்? மெலிந்த சதைக்குக் கதிர் குறைவாகப் போதும். மடிப்பு மேல் மடிப்பாக இருப்பது விரிந்தால், நடுவில் ஒளிந்திருப்பது தெரியும். அசைவும் நிற்கும். மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் மார்பு கனத்து நோவாக இருக்கும் என்பதால், குளித்து முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு.

அன்றைக்கு மட்டும் பவுடர் போடாதீர்கள். அக்குளுக்கு ஸ்பிரேயும் வேண்டாம். நாங்கள் படத்தில் தேடுவதில் முக்கியமான ஒன்று சுண்ணாம்புச் சத்துத் துகள்கள். ஒரு மில்லிமீட்டரிலும் சிறியவை, வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒரே இடத்தில் ஒழுங்கற்ற வடிவத்தில் கூட்டமாக இருந்தால், இன்னும் கட்டியாகக்கூடத் திரளாத புற்றின் தடமாக இருக்கலாம். கையால் தடவிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்த டாக்டராலும் முடியாது. கைக்குத் தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டரை எட்டியிருக்கும். மேமோகிராமுக்குச் சில மில்லிமீட்டர் போதும். அக்குளில் அப்பியிருக்கும் பவுடரும் படத்தில் அதே வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். பவுடரைப் பார்த்து நான் பயந்து, என்னைப் பார்த்து நீங்கள் பயந்து, எதற்கு அந்தக் கூத்து?

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களே என்று தயங்கி வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உலோகம் படத்துக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான். கழற்ற மனம் இல்லை என்றால் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வாய் விட்டுச் சொன்னால் வழி பிறக்கும். நைட்டி போட்டு வந்தால் முழுதும் கழற்ற வேண்டியதாகிவிடும். சேலையோ சுடிதாரோ நல்லது.

இந்த எக்ஸ்ரேக்கு ஒரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்று ஓர் அறுவை மருத்துவர். அறுத்து எடுத்த மார்பகங்கள் மூவாயிரத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 1913இல் எழுதினார். அந்த வெள்ளைத் துகள்களை முதலில் படத்தில் பார்த்தவர் அவர்தான். உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு எடுக்கலாம் என்ற இடத்துக்கு அவர் போகவில்லை. யூதர் என்பதால் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலை போனது, முகாமில் அடைபட்டார், பிறகு நெதர்லாந்துக்குத் தப்பி ஒளிந்து வாழ்ந்தார். ஓவியரான மகள் சார்லட்டை 1943இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அமுக்கி எடுத்தால் படம் தெளிவாக விழும் என்பதை 1949 வாக்கில் காட்டியவர் உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன். நீங்கள் திட்ட வேண்டும் என்றால் அவரைத் திட்டுங்கள். 1963இல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்து பார்த்தார்கள். அடுத்து ஸ்வீடனில் இரண்டு மாவட்டங்களில் 1977இல் தொடங்கிய ஆய்வின் முடிவு 1985இல் வந்தது. மேமோகிராமுக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. பிரிட்டன் 1988இலிருந்து வீட்டுக்குக் கடிதம் போட்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கூப்பிட்டு எடுக்கிறது, இலவசமாக.

அன்றைக்கு பிலிம், இன்றைக்கு டிஜிட்டல். அதற்கும் மேலே டோமோசின்தசிஸ் வந்திருக்கிறது. எக்ஸ்ரே குழாய் ஒரு வில் மாதிரி நகர்ந்து பல கோணங்களில் எடுக்கும், கம்ப்யூட்டர் அதை மெல்லிய அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டும். அமெரிக்கா அதற்கு 2011இல் அனுமதி கொடுத்தது. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், செயற்கை நுண்ணறிவைத் துணைக்கு வைத்துப் படம் படித்தபோது மருத்துவர்களின் வாசிப்பு வேலை 44 விழுக்காடு குறைந்தது, கண்டுபிடிப்பில் குறைவும் வரவில்லை. 2023இல் வெளியான முடிவு. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக ஒரே படத்தைப் படிப்பது அங்கே வழக்கம். நம் மாவட்டங்களில் ஒரு டாக்டர் கிடைப்பதே பாடு. அதனால் இந்தத் தொழில்நுட்பம் எனக்கு வேலை வைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தைவிட, எப்போது இங்கே வரும் என்ற ஆசைதான் எனக்கு அதிகம்.

கதிர் என்றால் இந்த மாவட்டத்தில் ஒரு பயம் உண்டு. தேவாரம் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வருகிறது என்ற பேச்சு எழுந்தபோது எத்தனை கூட்டம், எத்தனை நோட்டீஸ். அதைப் பற்றி இங்கே நான் வழக்காட வரவில்லை. மேமோகிராம் கதிரின் அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான்கு படத்துக்கும் சேர்த்து உடம்புக்கு வருவது ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா உட்கார்ந்திருந்தாலே நமக்கு ஏழு வாரத்தில் வருகிற இயற்கைக் கதிர் அது. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர் பல மடங்கு அதிகம். தலைமுறை தலைமுறையாக அங்கே ஜனங்கள் வாழ்கிறார்கள். இருந்தாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் விதி. இருபத்தைந்து வயதுப் பெண் பயத்தில் வந்து கேட்டால் எடுக்க மாட்டோம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும் என்போம்.

அந்த மறுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இளம் வயதில் மார்பில் கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு அதிகம். படத்தில் திசுவும் வெள்ளை, புற்றும் வெள்ளை. மார்கழிப் பனியில் வயலில் நிற்கிற கொக்கைத் தேடுகிற மாதிரிதான். வயது ஏற ஏற பனி விலகும். மேலை நாட்டில் இந்த நோய் அறுபதை ஒட்டி அதிகம் என்றால், நம்மிடம் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே, நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில், நிறைய வருகிறது. பனி முழுதாக விலகாத வயது. அடர்த்தியான மார்பு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் கூடவே ஸ்கேனும் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தண்டச் செலவு என்று நினைக்காதீர்கள்.

குறைகளைச் சொல்கிறபோது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் நூறு பேருக்கு மேமோகிராம் எடுத்தால் நான்கு பேரை மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்த நான்கில் ஒருவருக்குத்தான் புற்று. மற்ற மூன்று பேரும் அந்த இடைப்பட்ட நாட்களில் தூங்கியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, சில புற்றுகள் வளராமலே கிடந்து, அந்தப் பெண் வேறு காரணத்தால் ஆயுள் முடிந்து போகிறவரை தொந்தரவே தராமல் இருக்கும். எது அப்படி, எது பாயும் என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியாததால் கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் வைத்தியம் செய்கிறோம். 2012இல் பிரிட்டனில் இதற்காகவே ஒரு சுயேச்சைக் குழு உட்கார்ந்து கணக்குப் போட்டது. இருபது ஆண்டு ஒழுங்காக அழைக்கப்படும் 200 பெண்களில் ஏறத்தாழ ஒருவரின் சாவு தடுக்கப்படுகிறது. மூன்று பேருக்கு அவசியமில்லாத சிகிச்சை நடந்துவிடுகிறது. இந்தக் கணக்கை மறைத்துவிட்டு முகாம் நடத்துவது எனக்கு ஒப்புதல் இல்லை. தெரிந்துகொண்டே வாருங்கள். தெரிந்துகொண்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், என் மதினியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எல்லாக் கிராமத்திலும் இயந்திரம் வைக்க முடியுமா? முடியாது. அங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் இந்திரநீல் மித்ரா என்ற மருத்துவர் 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். குடிசைப் பகுதிப் பெண்கள் 1,51,538 பேர், வயது 35 முதல் 64. பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை, பத்தாம் வகுப்புப் படித்த பெண்கள். இருபது வருஷம் தொடர்ந்து பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முந்தின கட்டத்திலேயே பிடிபட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தக் குறைவு கிடைக்கவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். பெரிய விலை போகும் இயந்திரம் ஸ்வீடனில் காட்டிய எண்ணை, பழகின கை மும்பைக் குடிசையில் ஐம்பது தாண்டியவர்களிடம் எட்டிப் பிடித்துவிட்டது. அந்தக் கைகள் பெண்கள் குடியிருக்கும் பகுதிக்கே போனதையும் கவனியுங்கள்.

மும்பை எதற்கு, பக்கத்து மாவட்டத்தையே சொல்லலாம். அம்பிளிக்கையைத் தலைமையிடமாக வைத்து, அடையாறு புற்றுநோய் நிலையமும் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000த்தில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வினிகர் தடவி நர்ஸ் கண்ணால் பார்க்கிற சோதனை. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே அந்த நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்தது. அதைப் பார்த்துவிட்டு, உலக வங்கி உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தமிழ்நாடு முன்னோட்டமாக இரண்டு மாவட்டங்களை எடுத்தது. ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று நம் தேனி. 2007இல். இந்த மாவட்டத்துப் பெண்கள் வந்து காட்டியதால்தான் பிறகு எல்லா மாவட்டத்துக்கும் அது போனது, மார்பகப் பரிசோதனையும் அதோடு சேர்ந்தது. இன்றைக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பார்க்கிற அந்த நர்ஸ் இருக்கிறாரே, முப்பது வயது தாண்டிய பெண்ணுக்கு மார்பும் கருப்பைவாயும் பார்ப்பது அவர் வேலைதான். பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். "அதையும் பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். கூச்சம் அவருக்கும் இருக்கும், கேட்டால் போய்விடும்.

கூச்சம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சித்திரைப் பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக மலை ஏறுகிறீர்கள். வருஷத்தில் ஒரே நாள் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோவில். மதுரையை எரிக்க இடது மார்பைத் திருகி எறிந்துவிட்டு வந்தவள் இந்த மலையில் நின்றதாகத்தானே நம் நம்பிக்கை. அவளிடம் வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குகிறோம். இதே நம் ஊரில், மதுரையில் ஆபரேஷன் முடித்து ஒரு மார்போடு திரும்பி வந்தவள், ரவிக்கைக்குள் பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்காருகிறாள். வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடலாமா என்று வீட்டுக்குள் கூடிப் பேசுகிறார்கள். யார் பேசுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டாம். எனக்கு இந்த இடத்தில் கோபம் வரும், அதனால் இதோடு விடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் பிடித்தால் மார்பை எடுக்கவே வேண்டியிருக்காது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய ஆய்வுகள், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று காட்டின. இருபது வருஷ முடிவுகள் 2002இல் வந்தன. கட்டி சின்னதாக இருக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. "கத்தி பட்டா பரவிடும், ஊசி குத்துனா பரவிடும்" என்ற பேச்சை நம்பி நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டு ஆறு மாசம் கழித்து வருகிறவர்களுக்கு அது கைநழுவிப் போகிறது. ஊசி குத்தி எடுக்கும் பயாப்ஸியால் புற்று பரவாது. அது இல்லாமல் எந்த டாக்டரும் இது புற்று என்று முடிவு கட்டவும் கூடாது.

மருந்து அடிக்கிற தோட்டத்தில் வேலை பார்ப்பதால் வருமா என்று கேட்பீர்கள். மார்பகப் புற்றுக்கு அது நேரடிக் காரணம் என்று நிறுவப்படவில்லை. அதற்காக முகத்தில் துணி கட்டாமல் நிற்காதீர்கள். வயது கூடுவது, அம்மா அக்கா தங்கச்சிக்கு வந்திருப்பது, சீக்கிரம் வயதுக்கு வந்து தாமதமாக மாதவிடாய் நிற்பது, பிள்ளை பெறாமல் இருப்பது அல்லது முப்பதுக்கு மேல் பெறுவது, மாதவிடாய் நின்றபின் உடம்பு பருப்பது, குடி. இவைதான் தெரிந்த காரணங்களில் முக்கியமானவை. பிள்ளைக்குப் பால் கொடுத்தால் ஆபத்து குறையும்; வராது என்று அர்த்தம் இல்லை. எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆண்களுக்கும் வரும்; மார்பகப் புற்று நூறில் ஒன்று ஆணுக்கு.

இப்போது முக்கியமான சங்கதி. நர்ஸ் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது, சீட்டு எழுதிக் கொடுத்தார். கூடலூரில் பஸ் ஏறி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி எல்லாம் தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு நாள் கூலி போச்சு. ஸ்கேன் ஒரு நாள், பயாப்ஸி ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். கதிர் சிகிச்சைக்கு மதுரை வரை போக வேண்டிவரும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன், கீமோ, கதிர் சிகிச்சை எல்லாம் அடங்கும். பஸ் காசும் கூலியும் அடங்காது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியில் நிற்கிறவர்கள் பத்துப் பேர் என்றால் கடைசியில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதுதான் பரிசோதனைத் திட்டத்தின் உண்மையான மார்க். எங்களிடம் படம் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் படத்தில் நான் சொன்ன துகள் கூட்டம் தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னோம். "எடுப்பு முடியட்டும்மா, தை பொறந்ததும் வாரேன்" என்றாள். சொன்னபடி தையில் வந்தாள். நல்லவேளை, அதற்குள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எல்லாருக்கும் அந்த நல்லவேளை வாய்க்காது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டுக் கணக்கில் அது சரியான முடிவுதான். எங்கள் காலண்டர்தான் தப்பாக இருந்தது.

அதனால் என் யோசனை இது. இந்தப் பள்ளத்தாக்குக்குப் பரிசோதனை மாதமாகச் சித்திரையை வைத்துக்கொள்வோம். மலையில் எடுப்பு இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் இருக்கும். வீரபாண்டித் திருவிழாவுக்கு எப்படியும் அந்தப் பக்கம் பஸ் ஏறத்தான் போகிறீர்கள். முப்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் சித்திரையில் ஒரு நாள் நர்ஸிடம் போய் மார்பைக் காட்டுங்கள். ஐம்பதிலிருந்து எழுபது வரை இருப்பவர்கள் இரண்டு சித்திரைக்கு ஒரு தடவை மேமோகிராம். அமெரிக்காவில் 2024இலிருந்து நாற்பதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். நம் பெண்களுக்குச் சீக்கிரம் வருகிறது என்பதால், வசதி இருக்கிறவர்கள் நாற்பதில் தொடங்குவதை நானும் ஆதரிக்கிறேன். அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் வந்திருந்தால் மகள் முப்பத்தைந்திலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நடுவில் எந்த மாசமானாலும் கட்டி தட்டுப்பட்டால் சித்திரைக்காகக் காத்திருக்காதீர்கள், அது வேறு கணக்கு.

ஜீப்பில் ஆள் கூட்டிப் போகிறவர்களும் இங்கே சிலர் இருக்கிறீர்கள். நர்ஸிடம் சீட்டு வாங்கியவளுக்கு ஒரு வாரம் கழித்தும் வேலையில் அதே இடம் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னால் அவள் க.விலக்குக்குப் போவாள். நான் இங்கே ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, ஏமாறாமல் இருக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் கேன்சர் மார்க்கர் பார்க்கிறோம் என்று மாஸ்டர் செக்கப்பில் சேர்த்து விற்கிறார்கள். ஒன்றுமில்லாத பெண்ணுக்கு மார்பகப் புற்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது உதவாது. அமுக்காமல், கதிர் இல்லாமல், உடம்புச் சூட்டைப் படம் எடுத்துச் சொல்கிறோம் என்று வருகிற முகாம்களும் உண்டு. மேமோகிராமுக்கு அது மாற்று இல்லை. அங்கே நார்மல் என்று சொன்னதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

போகும்போது ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய படம் இருந்தால் அது. பழைய படத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போன தடவை இல்லாதது இந்தத் தடவை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பாதி வேலை.

கேள்விகள் இருக்கும், ஆனால் மைக்கில் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆண்கள் எல்லாரும் ஒரு அரை மணி நேரம் வெளியே போய் டீ சாப்பிட்டு வாருங்கள். தம்பி, மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு நீங்களும் போங்கள். வரும்போது எங்களுக்கும் வாங்கி வாருங்கள், சர்க்கரை கம்மியாக.